கை நீட்டினால் ஏறிவிடாது

சீட்டி என்ற கிளி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் இரவு, கூண்டின் பின்மூலையில் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு நின்றது. தீனிக் கிண்ணத்தின் பக்கமே வரவில்லை. தண்ணீர் மாற்றக் கையை உள்ளே விட்டபோது பாம்பு மாதிரி ‘ஸ்ஸ்’ என்று சீறியது. இத்தனூண்டு உடம்பிலிருந்து இப்படியொரு சீறல் வரும் என்று நான் நினைக்கவில்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பாவம்டி, பயந்தே செத்துரும் போல. வாங்குன எடத்துலயே குடுத்துட்டு வந்துரு” என்றாள்.

கொடுக்கவில்லை. அது 2022 நவம்பர். அதற்குப் பிறகு அந்தப் பறவை எங்களோடு பழகிய கதையை, நான் செய்த தப்புகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கிளி வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “எத்தனை நாள்ல பேசும்?” என்பதுதான். கையில் வந்து உட்காருமா என்று சிலர் கேட்பார்கள். நம் முன்னால் பயமில்லாமல் சாப்பிடுமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் எல்லாம் தொடங்குவது அங்கேதான்.

சீட்டி காக்கட்டீல் வகை. ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் கூட்டமாகத் திரிகிற பறவை. கொக்கட்டூ என்கிற கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே சிறியது. தலையில் ஒரு கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, வாலோடு சேர்த்து ஓர் அடி நீளம். எடை நூறு கிராமுக்கு உள்ளே. நம்முடைய பச்சைக்கிளியை ஏன் வளர்க்கவில்லை என்று கேட்டால் இரண்டு பதில் சொல்வேன். ஒன்று, சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். மரத்திலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தால்கூட வனத்துறையிடம் சேர்ப்பதுதான் முறை.

இன்னொரு பதில், என் பாட்டி வீட்டுத் திண்ணையில் தொங்கிய கூண்டு. அதில் இருந்த கிளி இறக்கையை விரித்தால் இரண்டு பக்கமும் கம்பியில் இடிக்கும். பாட்டி அதைக் கண்ணே மணியே என்றுதான் கொஞ்சுவாள். பழுத்த மிளகாயாகப் பொறுக்கி எடுத்துப் போடுவாள். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது என்பதால் அது ஆற அமரத் தின்னும். இறகு வளர வளரத் தாத்தா கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். சாயங்காலம் பனைமரப் பொந்துகளுக்குத் திரும்புகிற கிளிக்கூட்டம் தெருவுக்கு மேலே கீச்சிட்டுக்கொண்டு போகும்போது, அது கம்பியைப் பிடித்துத் தொங்கி அந்தப் பக்கமே பார்த்துக் கத்தும். நாங்கள் பிள்ளைகள், கிளி நம்மைக் கூப்பிடுகிறது என்று ஓடிப்போய் நிற்போம். அது யாரைக் கூப்பிட்டது என்று எனக்குப் புரிவதற்கு நாற்பது வயதாகிவிட்டது.

மதுரைக்காரிக்குக் கிளி என்றால் மீனாட்சியின் கையில் இருக்கும் கிளிதான் முதலில் ஞாபகம் வரும். பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்திலேயே கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கிளிகளை வைத்து ‘மீனாட்சி’ என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள் என்பார்கள். அதற்கும் முந்தைய சங்கப் பாடல் ஒன்றில், பிரிந்துபோனவன் இன்று வருவான் என்று சொல்லு என்று ஒருத்தி செந்தார்ப் பைங்கிளியை முன்கையில் ஏந்திக்கொண்டு, வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று மெல்லப் பேசிப் பயிற்றுகிறாள். அந்த ‘முன்கை’யில்தான் என் மனம் நின்றுவிட்டது. கூண்டுக்குள் இருக்கும் கிளிக்குச் சொல் சொல்லிக் கொடுப்பது ஒன்று. நம்பி முன்கையில் வந்து உட்கார்ந்திருக்கும் கிளியோடு பேசுவது வேறு.

சரி, சீட்டிக்கு வருகிறேன்.

வாங்கிய இடத்தில் “டேம் பண்ணுனதுங்க, கையிலயே இருக்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், ஒரு பக்க இறக்கையை மட்டும் வெட்டியிருந்தார்கள். பறக்க எழும்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெஞ்சு தரையில் மோத விழும். பறந்து தப்ப முடியாத பறவை கையில் இருக்கத்தான் செய்யும். அதற்குப் பெயர் பழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. கூண்டைச் சுத்தம் பண்ணத் திறந்தபோது வெளியே வந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் துண்டைப் போட்டு மூடிப் பிடித்துவிட்டேன். துண்டுக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. தனித்தனித் துடிப்பாகக்கூட இல்லை, ஒரு நடுக்கம்போல. கூண்டில் விட்டதும் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி நின்றது. அதன் பிறகு துண்டு மட்டும் இல்லை, அம்மாவின் புடவைத் தலைப்பு அசைந்தால், நான் போர்வையை உதறினால், உடனே பின்மூலைக்குப் போய்விடும். ஒரே ஒரு நிமிட அவசரம். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கிளி வகைகள் காட்டில் பருந்துக்கும் வல்லூறுக்கும் இரையாகிறவை. மேலிருந்து வந்து அமுக்குகிற எதுவும் அவற்றுக்கு மரணம்தான்.

அதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். கூண்டுக்கு எட்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகம் படிப்பேன், நேராகப் பார்க்காமல். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். அது சாப்பிடத் தொடங்கினால் அன்றைக்கு அந்தத் தூரம் சரி என்று அர்த்தம். மறுநாள் நாற்காலி ஒரு சாண் முன்னே நகரும். இந்த நாட்களில்தான் அதன் கொண்டையைப் படிக்கக் கற்றேன். நட்டுக்குத்தலாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, எதையோ கவனிக்கிறது. தலையோடு அப்பி ஒட்டிக்கொண்டு சீறினால் கோபம், இல்லை பயம், கிட்டே போகவே கூடாது. பாதி சாய்ந்து, நுனி மட்டும் லேசாகத் தூக்கியிருந்தால் நிம்மதியாக இருக்கிறது. இரவில் ஒற்றைக் காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, மேல் அலகையும் கீழ் அலகையும் தேய்த்து ‘கர்ர்க், கர்ர்க்’ என்று ஒரு சத்தம் எழுப்பும். தூங்கப் போகிற பறவை தன்னைப் பத்திரமாக உணர்கிறபோது எழுப்புகிற சத்தம் அது. முதன்முதலாக அதைக் கேட்ட இரவு நான் அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து கேட்கச் சொன்னேன்.

அப்புறம்தான் பயிற்சி. அதற்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதற்காக அது ஓர் அடி எடுத்து வைக்கும் என்பது. ஒரு தட்டில் ஆறேழு வகையைப் பரப்பி வைத்தேன். தினை, கம்பு, சூரியகாந்தி விதை, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல். முதல் மூன்று நாளும் சூரியகாந்தியைத்தான் பொறுக்கியது, அடுத்தது தினை. தினையைத் தானியமாகப் போட்டால் அத்தனை ஆசை இல்லை. கதிராகக் கொடுத்தால் கண் விரியும். தினைக்கதிர் கிடைக்க நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை. கிளி கடிந்து தினைப்புனம் காத்த பெண்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு படித்திருக்கிறோம், நானோ ஒரு கிளியைக் கிட்டே வரச்சொல்லித் தினைக்கதிரை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் அந்த எண்ணமே எனக்கு ஒரு சந்தோஷமாக இருந்தது.

சூரியகாந்தியை அன்றிலிருந்து கிண்ணத்தில் போடுவதில்லை. அது என் கையிலிருந்து, பயிற்சி நேரத்தில் மட்டும். கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு விதையைப் பாதியாக நறுக்கித்தான் கொடுப்பேன். பசி போட்டுப் பழக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தொண்ணூறு கிராம் பறவைக்கு ஒன்பது கிராம் குறைவது என்றால் ஐம்பது கிலோ ஆளுக்கு ஐந்து கிலோ குறைவது மாதிரி. நான் அடுப்படித் தராசின் மேல் ஒரு குச்சியைப் பொருத்தி வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு முறை அதில் ஏறி நிற்கும், நோட்டில் எழுதிக்கொள்வேன். காலைத் தீனிக்கு முன்னால் ஐந்து நிமிடம், சாயங்காலத் தீனிக்கு முன்னால் ஐந்து நிமிடம். அந்த நேரத்து இயல்பான பசியே போதும்.

அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் வரும் பால்பாயிண்ட் பேனா ஒன்றை எடுத்துக்கொண்டேன். 1960-களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர் விசில் ஊதிச் செய்ததும் இதேதான். பறவை சரியானதைச் செய்கிற அந்தக் கணத்துக்கும், நம் கை விதையை எடுத்துக் கொடுக்கிற கணத்துக்கும் இடையில் இரண்டு விநாடியாவது ஆகிவிடும். அதற்குள் அது தலையைத் திருப்பியிருக்கும், இறகைக் கோதியிருக்கும். எதற்காக விதை கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. ‘டிக்’ சத்தம், இதோ இப்போது நீ செய்தாயே, இதற்குத்தான், என்று சொல்லிவிடுகிறது. முதல் இரண்டு நாள் டிக், விதை, டிக், விதை, அவ்வளவுதான். பிறகு ஒரு ஐஸ் குச்சியின் நுனியைக் கம்பிக்கு வெளியே காட்டினேன். பார்த்தால் டிக். ஓர் அடி நகர்ந்தால் டிக். ஒன்பதாம் நாள் அலகால் நுனியைத் தொட்டது. அதன் பிறகு குச்சி எங்கே போனாலும் அதுவும் வரும். குச்சியை இடது பக்கம் காட்டினால் இடது பக்கம், கூண்டு வாசலில் காட்டினால் வாசல். கையால் தள்ளாமல், பிடிக்காமல் ஒரு பறவையை இடம் மாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

கையில் ஏறுவதுதான் இதில் எல்லோரும் சறுக்குகிற இடம். விரலை அதன் காலுக்குச் சற்று மேலே, அடிவயிற்றின் அருகில் கிடையாக நீட்ட வேண்டும். அப்போது அது முதலில் அலகைத்தான் நீட்டும். கடிக்க வருகிறது என்று நாம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வோம். அது கடிக்க வரவில்லை. கிளிக்கு அலகு மூன்றாவது கால். கொப்பு பாரம் தாங்குமா, ஆடுமா என்று அலகால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கும். நாம் இழுத்துக்கொண்டால் இந்தக் கொப்பு நம்பத் தகாதது என்று முடிவு பண்ணிவிடும். நானும் நாலைந்து முறை இழுத்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் கையை மேசை மேல் ஊன்றிக்கொண்டு, என்ன ஆனாலும் அசையக் கூடாது என்று வைத்திருந்தேன். அலகு என் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. நாக்கின் நுனி தட்டுப்பட்டது, உலர்ந்து, சொரசொரப்பாக. லேசாக அழுத்திப் பார்த்தது. விட்டது. இடது கால் வந்தது. முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், சுற்றிப் பிடித்துக்கொண்ட அந்தக் காலின் வெதுவெதுப்பை நான் எதிர்பார்க்கவே இல்லை. பிறகு வலது கால். ‘ஏறு’ என்ற சொல்லை நான் அன்றுதான் முதலில் சொன்னேன், அது ஏறிக்கொண்டிருக்கும்போதே.

கடிக்கவே கடிக்காதா என்றால், கடித்திருக்கிறது. ரத்தம் வர. ஆனால் ஒவ்வொரு கடிக்கும் முன்னால் அது மூன்று முறையாவது சொல்லியிருக்கும். உடம்பைப் பின்னால் இழுத்திருக்கும், கொண்டையை அப்பியிருக்கும், சீறியிருக்கும். அதையெல்லாம் நான் காதில் வாங்காததால்தான் கடைசியில் அலகு. கடித்தவுடன் கத்துவதோ கூண்டைத் தட்டுவதோ கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் அதைவிட முக்கியமாக நினைப்பது, சீறும்போதே கையை எடுத்துவிடுவது. அப்படி எடுத்தால் அதற்குக் கொழுப்பு ஏறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. ‘வேண்டாம்’ என்று சொன்னால் இவள் கேட்பாள் என்று தெரிந்த பிறகு அதற்குக் கடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. இன்றைக்கும் நான் விரலை நீட்டி ‘ஏறு’ என்றால் பத்தில் இரண்டு முறை திரும்பிக்கொள்ளும். விட்டுவிடுவேன்.

வெட்டிய இறகுகள் உதிர்ந்து புது இறகு முளைக்க மாதங்கள் ஆயின. நேராகப் பறக்கத் தொடங்கியதும் எனக்கு முதல் பயம் சீலிங் ஃபேன். மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் கூண்டு திறந்திருக்கும் நேரத்தில் அது ஓடக் கூடாது. சுவிட்சின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி வைத்தேன், வருகிற விருந்தாளி தெரியாமல் போட்டுவிடக் கூடாதே என்று. அடுப்படியில் நான்ஸ்டிக் தவாவை எடுத்துவிட்டேன். அந்தப் பூச்சு அதிகம் சூடானால் வருகிற புகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பறவையைக் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருக்கின்றன; நம்மைவிடக் காற்றை நன்றாக உறிஞ்சும், காற்றில் இருக்கும் விஷத்தையும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றும் அது இருக்கும் அறைக்கு வரக் கூடாது என்றதும் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இப்போது பின்வாசலோடு சரி.

நாற்காலி முதுகிலிருந்து கைக்கு ஓர் அடி. பிறகு இரண்டடி. பிறகு அறையின் அந்தக் கோடி. ‘வா’ என்று சொல்லிச் சீட்டியடிப்பேன், இரண்டு சுரம், ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்ந்து. அது பறந்து வரும்போது இறக்கைக் காற்று முகத்தில் அடிக்கும். எந்தச் சொல்லையும் அது தெளிவாகப் பேசியதில்லை. காக்கட்டீலில் ஆண் நன்றாகச் சீட்டியடிக்கும், ஒன்றிரண்டு சொல் சொல்லலாம். பெண் பெரும்பாலும் அதுவும் செய்யாது. பேசுகிற பறவைதான் வேண்டும் என்பவர்கள் இதை வாங்கிவிட்டு ஏமாந்து போவது பறவைக்குத்தான் கஷ்டம்.

சொல் கற்பிப்பதில் எனக்கு வழி காட்டியது அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் செய்தது. 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை, 2007-இல் அது இறக்கும்வரை முப்பது வருடம் பயிற்றுவித்தார். நூறு சொற்களுக்கு மேல் கற்றது. நிறம், வடிவம், எண்ணிக்கை சொன்னது. கிளியின் முன்னால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது அல்ல அவர் முறை. இரண்டு மனிதர்கள் கிளி பார்க்க ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கொடுத்து வாங்குவார்கள். சரியாகச் சொன்னவருக்கு, சொன்ன அந்தப் பொருளே கிடைக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற கிளிக்கும் அது வேண்டும் என்று தோன்றும்.

சொல்லுக்குப் பதில் சீட்டியை வைத்து இதைச் செய்ய எனக்கு இன்னோர் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் இருப்பது அம்மாதான்.

அம்மாவுக்குச் சீட்டிச் சத்தமே ஆகாது. நான் சின்ன வயதில் ஒருமுறை சீட்டியடித்து, “பொம்பளப் புள்ள சீட்டியடிக்கிறதா? வீட்டுக்கு ஆகாது” என்று வாயிலேயே அடி வாங்கியிருக்கிறேன். பறவைக்கு நான் வைத்த பெயரைக்கூட முதல் ஆறு மாதம் அவள் சொல்லவில்லை, ‘அது’ என்றுதான் சொல்வாள். நான் தினைக்கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, “சும்மா ஊதும்மா, சத்தம் வந்தாப் போதும்” என்று கெஞ்சினேன். வெறும் காற்றுதான் வந்தது. பல்செட் வேறு. சீட்டி ஒரு கண்ணால் அவளையே உற்றுப் பார்த்தது, தலையைச் சாய்த்து. மறுநாள் அவளே வந்து உட்கார்ந்தாள். நாலைந்து நாள் கழித்து, நான் குளித்துக்கொண்டிருந்தபோது வெளியே மெல்லிசாக ஒரு சீட்டி கேட்டது. சுருதி கொஞ்சம் தப்பி. உடனே பதில் வந்தது, தாழ்ந்து ஒன்று, உயர்ந்து ஒன்று.

கூட்டமாக வாழும் பறவை கண்ணுக்குத் தெரியாத துணையைக் கூப்பிட்டுப் பார்க்கும், நீ அங்கே இருக்கிறாயா என்று. பதில் வராவிட்டால் கத்தல் கூடும். கிளி ஓயாமல் கத்துகிறது என்று சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் யாரும் பதில் சொல்வதில்லை, இல்லாவிட்டால் கத்தும்போது மட்டும் ஓடிவருகிறார்கள். இப்போது அம்மா விடியற்காலையில் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டே அதற்குப் பதில் கொடுக்கிறாள். அறுபத்தெட்டு வயது. தெருவில் யாருக்காவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று முன்பெல்லாம் ஜன்னலைச் சாத்துவாள். இப்போது சாத்துவதில்லை.

நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் காக்கட்டீல் பதினைந்து இருபது வருடம் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் தங்கள் வயதோடு அதைக் கூட்டிப் பாருங்கள் என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். நான் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், உடம்புக்கு வந்தால் பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதையும். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் பறவை பார்ப்பதில்லை. போன வருடம் ஓர் இரவு கரண்ட் போனது. இருட்டில் பல்லியோ எதுவோ ஓடியிருக்க வேண்டும். சீட்டி மிரண்டு கூண்டுக்குள் முட்டி மோதி, இறக்கையில் ரத்தம் ஓடுகிற இளம் இறகு ஒன்று ஒடிந்துவிட்டது. சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்தேன், ரத்தம் நின்றது. காலையில் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பெட்டிக்குள் போக அது பழகியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் மறுபடியும் துண்டு.

காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. கூண்டுக்குப் பக்கத்தில் இப்போது இரவில் சின்ன விளக்கு எரிகிறது, இன்வெர்ட்டர் இணைப்பில். பெட்டிக்குத் தானாகப் போகப் பழக்காமல் விட்டது என் குறை. அதைத்தான் இந்த மாதம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம். பெட்டி மூன்று வாரமாக மேசை மேல் திறந்தே கிடக்கிறது, உள்ளே ஒரு தினைக்கதிர். முதல் வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. போன வாரம் கூரை மேல் ஏறி உட்கார்ந்தது. நேற்று ஐஸ் குச்சியை வாசலில் காட்டினேன். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது, அலகால் விளிம்பைக் கவ்விச் சோதித்தது, இடது காலை மட்டும் உள்ளே வைத்தது. டிக். பாதி சூரியகாந்தி. வாங்கிக்கொண்டு காலை எடுத்துவிட்டது. நானும் பேனாவை மூடி வைத்தேன், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று.